பாவாத்தாள் கிணற்றில் வைத்த புள்ளி

ஊத்துக்காட்டுப்புதூரில் சாயப்பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்த காலம் முழுக்க, கடல் தாண்டிய ஊர்களில் எந்த வருஷம் எந்த நிறச் சட்டை விற்றதோ அந்த நிறத்தில்தான் எங்கள் கிணறுகள் கிடந்தன. ஒரு வருஷம் ஊதா, ஒரு வருஷம் செங்கல் நிறம், ஒரு வருஷம் யாருக்கும் பேர் சொல்லத் தெரியாத ஒரு பச்சை என்று மாறி மாறி வந்து, கடைசியில் பட்டறைகளைப் பூட்டிச் சீல் வைத்தபோது, வந்த நிறங்களெல்லாம் போக்கிடம் தெரியாமல் மண்ணுக்கடியிலேயே தங்கிவிட்டன. இட்லி இளஞ்சிவப்பாக வெந்தது, இளநீர் உப்புக் கரித்தது, வெள்ளை வேட்டியைக் கல்யாணத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டு, துவைப்பதற்கு வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். எல்லார் வீட்டிலும் அதே இட்லி என்பதால் யாருக்கும் யார் மேலும் வயிற்றெரிச்சல் இல்லை. அந்த நிம்மதி மெர்லின் வரும்வரைக்கும் இருந்தது.

மெர்லின் நாகர்கோவில் பக்கத்துப் பெண், நிலத்தடி நீரைப் பற்றிப் படித்த பொறியாளர், எங்கள் மண்ணைச் சுத்தம் செய்யத் திட்டம் போடுவதற்காக அனுப்பப்பட்டவள். கட்டிய நாள் முதல் ஒரு புத்தகமும் வந்து சேராத நூலகக் கட்டடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஆழம் அளந்து, பாறை எங்கே மண் எங்கே என்று விசாரித்து, எங்கள் ஊரைக் கட்டம் கட்டமாகத் திரைக்குள் கட்டினாள். மோட்டார் வைத்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால்தான் ஊர் தெளியும், ஆனால் எந்த இடத்தில் உறிஞ்சினால் எந்தக் கிணறு தெளியும் என்பதை நிஜ மண்ணில் தோண்டித் தோண்டிப் பார்க்க முடியாது, அதனால் முதலில் திரையில் ஒரு புள்ளி வைத்து இருபது வருஷத்தை அரை மணி நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம், அழுக்கு சிவப்பாகத் தெரியும், நல்ல தண்ணீர் நீலமாகத் தெரியும் என்று அவள் எங்களுக்கு விளக்கினாள். அவள் சிமுலேஷன் என்றதை நாங்கள் பொட்டி ஊர் என்றோம். நிஜ மோட்டார் வாங்குவதற்கான கோப்பு அப்போது மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது, இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

முதல் புள்ளியை யாராயிருந்தாலும் வைக்கக்கூடிய இடத்தில், பூட்டிய பெரிய பட்டறைக்குள் வைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டினாள். திரையில் மேட்டுத்தெருக் கிணறுகள் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து நீலமாயின. பள்ளத்துக் கிணறுகள் இன்னும் சிவந்தன. மறுநாள் விடிந்ததும் மேட்டுத்தெருச் சாந்தாமணி தன் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள், வாளியின் அடித்தகரம் பளிச்சென்று தெரிந்தது, ஒரு கை அள்ளிக் குடித்தாள், இனித்தது. "ஏனுங்க, தண்ணி நல்லாயிருச்சுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய் உலை வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மெர்லின் மறுபடி பாட்டிலோடு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்துவிட்டு, "திரையில வந்தபடிதான் இருக்கு, கணக்கு சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று தலையாட்டினாள். ஒரு மோட்டாரும் ஓடாமல் ஒரு குழியும் தோண்டாமல் தண்ணீர் எப்படித் தெளிந்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. மேட்டுத்தெருவுக்கு மட்டும் ஏன் என்று மற்ற எல்லாரும் கேட்டோம்.

பங்குக் கிணற்றில் ஆளுக்கொரு நாள் முறை வைத்து இறைத்துப் பழகிய ஊர் எங்கள் ஊர், ஆகவே பொட்டி ஊருக்கும் முறை வைத்தோம். திங்கள் மேட்டுத்தெருவுக்கு, செவ்வாய் பள்ளத்துக்கு, புதன் பட்டறைச் சந்துக்கு என்று பிரித்துக்கொண்டு, முறைக்காரர்கள் மோர்ச் செம்போடும் வாழைப்பழச் சீப்போடும் வந்து மெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து, புள்ளியை இங்கே வை அம்மிணி, இல்லை இங்கே வை கண்ணு என்று திரையில் விரல் பதியக் காட்டுவார்கள். அவளுக்கும் சரியான இடம் கிடைக்கும்வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. மறுநாள் காலை முறைக்காரர் கிணறு தெளிந்திருக்கும், முறை இல்லாதவர் கிணறு கலங்கியிருக்கும். "அழுக்கு காணாமப் போகாதுங்க, இடம்தான் மாறும்" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். நாங்களும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அப்படியானால் அவன் கிணற்றுக்குப் போகட்டும் என்றோம்.

அதற்குப் பிறகு ஊரில் வெள்ளைத் துணி பொல்லாத பொருளாகிவிட்டது. தண்ணீர் தெளிந்த வீட்டில் முதல் காரியமாகப் பெட்டியைத் திறந்து பழைய வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, தலையணை உறை என்று இருப்பதையெல்லாம் அலசித் தெருப் பார்க்கக் கொடியில் போட்டார்கள், எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வெள்ளை இட்லி வெந்தால் மூன்று வீட்டில் அன்றைக்கு இட்லியே வேகவில்லை. பெண் கொடுத்த வீட்டாரும் பெண் எடுத்த வீட்டாரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சட்டைக் காலரை ஒருவர் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். சாயம் தின்ற வயிறுகூட அந்த அளவுக்கு எரிந்ததில்லை.

எல்லாரையும்விட அதிகமாக எரிந்தவள் பாவாத்தாள். சாந்தாமணியின் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். பாவாத்தாள் கல்யாணமாகி வந்தபோது இரண்டு வீடு இல்லை, ஒரே வீடு, ஒரே கிணறு; புதுப்பெண் முதல் குடம் சேந்துவதற்கு முன் வெற்றிலையும் மஞ்சளும் கிணற்றில் போடவேண்டும் என்ற வழக்கப்படி அந்தக் கிணற்றில் மஞ்சள் போட்டு முதல் குடம் சேந்தியவள் அவள்தான். பிறகு சாந்தாமணி வந்தாள், அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள், சாமி முன்னால் சீட்டுப் போட்டதில் கிணறு தம்பிக்குப் போய்விட்டது. அண்ணன் அதே தோட்டத்தில் கொஞ்சம் பள்ளத்தில் வேறு கிணறு வெட்டினார், தண்ணீர் வந்தது, ஆனால் பாவாத்தாளுக்கு அந்தத் தண்ணீர் ஒரு நாளும் நாக்கில் ஒட்டவில்லை. இப்போது அந்தப் பழைய கிணறுதான் ஊரிலேயே முதலில் தெளிந்து நின்றது, மேட்டிலிருந்து கழுவிக்கொண்டு வந்த அழுக்கு அவள் கிணற்றில்தான் வந்து இறங்கியது.

தண்ணீர் தெளிந்த நாளிலெல்லாம் சாந்தாமணி வேலிக்குப் பக்கத்துக் கொடியில், பாவாத்தாள் அடுப்படிச் சன்னலுக்கு நேராக, வெள்ளைச் சேலையை உதறி உதறிக் காயப்போட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்கூட்டுத் துணியும் குடுங்க, எங்க தண்ணியில ஒரு அலசு அலசிக் குடுத்தர்றேன்."

"எங்கூட்டுத் துணிக்கு நெறம் பத்தலைன்னுதான் நாங்க சாயத் தண்ணியில அலசறோம்" என்றாள் பாவாத்தாள் சன்னலுக்கு உள்ளிருந்தே. "நீ உன்ற சோலியப் பாரு அம்மிணி."

வறட்சி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தால் செத்த மாட்டோடு சாகப்போகிற மாட்டையும் சேர்த்துச் சொல்லி வாங்கிப் பழகிய ஊர் எங்களுடையது, அதனால் பாவாத்தாள் செய்ததை யாரும் பெரிய தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கிணறு ரொம்பக் கெட்டிருக்கிறதோ அதைத்தான் முதலில் கவனிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மெர்லின் மறுபடியும் தண்ணீர் பிடிக்க வந்தபோது பாட்டிலை நானே நிரப்பித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், பட்டறைக் காலத்தில் வீட்டில் மிஞ்சியிருந்த கறுப்புச் சாயத்தூளில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கிக் கொடுத்தாள். மெர்லின் அந்தக் கணக்கைப் பொட்டி ஊரில் ஏற்றினாள். மறுநாள் காலை பாவாத்தாள் கிணறு விளிம்புக்கு அடியில் ஒரு முழம் தாண்டி ஒன்றும் தெரியாத அளவுக்குக் கறுத்துக் கிடந்தது.

"அம்மா, பாட்டில்ல எதாவது கலந்தீங்களா?" என்று மெர்லின் வந்து கேட்டாள்.

"நான் எதுக்குக் கண்ணு கலக்கறேன்? என்ற கெணறு அப்படித்தான் இருக்குது, நீயே வந்து பாரு."

மெர்லின் எட்டிப் பார்த்தாள். பாவாத்தாள் சொன்னது அப்போது உண்மையாகத்தான் இருந்தது.

முறை வைத்து ஓட்டி, எல்லாருடைய அழுக்கும் எல்லார் வீட்டுக்கும் ஒரு சுற்று போய் வந்து, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கடன் கேட்கிற பக்கத்து வீடு எல்லாம் முகம் திருப்பிக்கொண்ட பிறகு, ஒரு நாள் சாயங்காலம் பால் சொசைட்டி முன்னால் எல்லாரையும் வரச் சொன்னாள் மெர்லின். பால் ஊற்ற வந்தவர்கள் தூக்குப்போசியோடு நின்றார்கள், யாரும் யார் பக்கத்திலும் நிற்கவில்லை.

"இந்த ஊருக்கு அடியில பாறை" என்றாள் அவள். "அந்தப் பாறையில ஒரே ஒரு வெடிப்பு நீளமா ஓடுது. அது மேல புள்ளி வச்சாத்தான் எல்லாக் கிணத்து அழுக்கும் அங்க வந்து சேரும், ஊர் மொத்தமும் தெளியும். வேற எங்க வச்சாலும் ஒருத்தர் அழுக்கு இன்னொருத்தருக்குப் போகும், அவ்வளவுதான்."

"அந்த வெடிப்பு எங்கீங்க இருக்குது?" என்று சொசைட்டிச் செயலாளர் கேட்டார்.

"ரெண்டு கிணறு அது மேல இருக்கு. சாந்தாமணி அக்கா கிணறு ஒண்ணு, பாவாத்தாள் அம்மா கிணறு ஒண்ணு. ரெண்டுல எதுல வச்சாலும் சரி."

"வெச்சா அந்தக் கெணறு என்னாகும்?"

"திரையில மோட்டார் இழுத்து வெளிய எடுத்துரும். இங்க மோட்டார் இன்னும் வரல. வர்ற வரைக்கும் ஊர் அழுக்கு பூரா அந்தக் கிணத்துலதான் நிக்கும். அந்தத் தண்ணிய மாடுகூடக் குடிக்கக் கூடாது."

எல்லாரும் பாவாத்தாளைப் பார்த்தோம். ஏற்கெனவே கறுத்துக் கிடக்கிற கிணறு, இன்னும் கொஞ்சம் கறுத்தால் என்ன என்று எல்லார் மனதிலும் ஓடியது, செயலாளர் அதை வாய்விட்டும் சொன்னார்.

"என்ற கெணறு என்ன உங்கூட்டுச் சாக்கடையா?" என்றாள் பாவாத்தாள். "கறுத்தது தெளியணும்னு நான் நிக்கறேன், நீங்க கொட்டறதுக்கு எடம் பாக்கறீங்க. போயி உங்கூட்டு வாசல்ல தோண்டிக்குங்க."

அப்போதுதான் சாந்தாமணி தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். "என்ற கெணத்துல வெய்யுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல் ஓரகத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு. "ஊரே நல்லாயிருக்கட்டும்."

அவள் நல்ல மனதோடு சொன்னாளா, பாவாத்தாளின் முகம் போன போக்கைப் பார்க்கச் சொன்னாளா என்று எங்களுக்குத் தெரியாது, அதை ஆராய்ந்து பார்க்கிற நிலையிலும் நாங்கள் இல்லை. மகராசி என்றார் செயலாளர். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார் ஒருவர். கோயில் நோம்பிக்கு முதல் மரியாதை அவளுக்குத்தான், கிணற்று மேட்டில் அவள் பேரைக் கல்லில் வெட்டி வைக்கவேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை காலையில் புள்ளியை வைத்துவிடலாம் என்று பால் புளிப்பதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பாவாத்தாள் எங்களைத் தாண்டித் தனியாக நடந்து போனாள். யாரும் அவளைப் போய்வரச் சொல்லவில்லை.

இடையிலிருந்த நாட்களில் அவள் சன்னலில் நின்று பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் வந்தபடி இருந்தது. பாவாத்தாள் வீட்டு வாசலை வருஷக்கணக்காக மிதிக்காத நாத்தனார் வந்தாள், பள்ளத்துக்காரர்கள் தேங்காய் கொண்டுவந்தார்கள், கல்லில் பேர் வெட்டுகிறவர் வந்து எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார், சாந்தாமணி எல்லாருக்கும் அந்தத் தெளிந்த கிணற்றிலிருந்தே சேந்தி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள், கடைசியாகக் குடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். பாவாத்தாளுக்கு நெஞ்சு காந்தியது. தெளிந்த தண்ணீர் சாந்தாமணிக்கு வந்தபோது பொறுத்துக்கொண்டாயிற்று, வெள்ளைச் சேலையைப் பொறுத்துக்கொண்டாயிற்று, இப்போது தண்ணீரைக் கொடுத்ததற்கும் அவளுக்கே பேர் வருவதைப் பாவாத்தாளால் பொறுக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் கல்லில் வெட்டிய எழுத்து கண்ணில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஊர் கூடுவதற்கு முன்னாலேயே அவள் நூலகத்துக்குப் போய்விட்டாள். மெர்லின் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத் தலையை முடிந்துகொண்டிருந்தாள்.

"என்ற கெணத்துல வெய்யி கண்ணு."

"அம்மா, என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். அவளுக்கு அந்தப் பேரு போகப்படாது."

"பேருக்காகவா?"

"பின்ன எதுக்கு?" என்ற பாவாத்தாள், திரையில் சாந்தாமணி கிணற்றின் மேல் விரலை வைத்துச் சொன்னாள்: "அந்தக் கெணறு நான் வந்தன்னைக்கு மஞ்சள் போட்ட கெணறு. அதுல ஊர் அழுக்கை உடறதுக்கு அவ யாரு?"

மெர்லின் திரையில் வேலிக்கு இந்தப் பக்கம் அம்புக்குறியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பொத்தானை நானே அமுக்குகிறேன் என்று பாவாத்தாள் கேட்டாள், மெர்லின் காட்டிக்கொடுத்தாள், முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அவள் அமுக்கினாள். நாங்களெல்லாம் வந்து சேர்ந்தபோது இருபது வருஷத்தில் பாதி ஓடி முடிந்திருந்தது.

பிறகு அது வந்தது. பாவாத்தாள் வீட்டுக்குப் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள், அவள் காலுக்கடியில் பாறை வெடிப்பு வழியாக ஊர் முழுக்கத் தங்கியிருந்த நிறங்கள் புறப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செயலாளர் கிணற்றிலிருந்து ஊதா வந்தது, நாத்தனார் கிணற்றிலிருந்து செங்கல் நிறம் வந்தது, பள்ளத்திலிருந்து அந்தப் பேர் தெரியாத பச்சை வந்தது, யார் யாரோ எங்கெங்கோ உடுத்திக் கிழித்து எறிந்துவிட்ட சட்டைகளின் சிவப்பும் நீலமும் மஞ்சளும் வந்தன, மறைத்து வைத்த உப்பும் காரமும் வந்தன, வந்தவையெல்லாம் அவள் கிணற்றில் இறங்கி ஒன்றோடொன்று கலந்து முன்னைவிடக் கறுத்தன. இது அவங்கூட்டுது, இது இவங்கூட்டுது என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அடையாளம் கண்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக மேட்டிலிருந்து சாந்தாமணி கிணற்று அடியில் மிச்சமிருந்த ஒரு துளி இளஞ்சிவப்பும் வந்து சேர்ந்ததும் எழுந்து அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் ஊர் முழுக்க வெள்ளை. எல்லாக் கொடியிலும் வெள்ளை, எல்லாத் தட்டிலும் வெள்ளை இட்லி, ஆனால் எல்லாரிடமும் இருப்பதால் யாருக்கும் பெருமையும் இல்லை. கொஞ்ச நாள் பாவாத்தாளை மகராசி என்றோம், நோம்பிக்கு முதல் மரியாதை செய்தோம், கல்லில் அவள் பேரை வெட்டி வைத்தோம். பிறகு நல்ல தண்ணீர் எங்களுக்குப் பழகிவிட்டது, பழகியதும் அந்தக் கல்லில் ஆட்டைக் கட்டினோம். மெர்லின் அடுத்த ஊருக்குப் போனாள். போகும்போது, மோட்டார் வந்தால் உங்கள் கிணறும் தெளியும் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறக்காதவள் சாந்தாமணி ஒருத்திதான். கைக்கு வந்த பேரை அக்காள் தட்டிக்கொண்டு போனது அவளுக்கு ஆறவில்லை, ஆகவே தினமும் காலையில் பழைய கிணற்றில் ஒரு குடம் சேந்தி, ஊர் பார்க்கத் தெருச் சுற்றி இடுப்பில் வைத்து நடந்துவந்து, பாவாத்தாள் வாசலில் இறக்கினாள். தண்ணீர் கொடுத்தவளுக்கே தண்ணீர் கொடுக்கிறவள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவளுக்கு ஆசை. பாவாத்தாளுக்கு வேறு வழியில்லை, வாங்கித்தான் ஆகவேண்டும். முதல் நாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குதே அம்மிணி."

"கரிக்குதுங்களா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களேக்கா."

"உனக்குத் தெரியாது. அந்தக் கெணத்துத் தண்ணிய முன்னயே குடிச்சவளுக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாந்தாமணி ஒரு சொம்பு குடித்துப் பார்த்தாள், கொஞ்சம் கரிக்கிற மாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்துக் கேட்டாள், இனிக்கிறது என்றார்கள், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை தடவை குடித்தாலும் அவள் நாக்கில் உப்பு ஒட்டியது. மறுநாள் இன்னும் ஆழத்திலிருந்து சேந்தினாள், அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எழுந்து யாரும் வாளி விடுவதற்கு முன்னால் சேந்தினாள், குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், ஊரைச் சுற்றி வருவதை விட்டுவிட்டு வேலியில் ஒரு சந்து பிரித்து நேராகக் கொண்டுவந்தாள். குடத்தை இறக்கிவிட்டு அக்காளின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வாயிலிருந்து இனிக்குது என்று ஒரு வார்த்தை வந்தால்தான் அவள் கிணறு அவளுக்கு இனிக்கும்.

பாவாத்தாள் ஒவ்வொரு நாளும் ஒரு வாய் குடித்தாள், ஒவ்வொரு நாளும் கரிக்கிறது என்றாள். சாந்தாமணி வேலிச் சந்தைத் தாண்டிப் போகிறவரை நின்று பார்த்துவிட்டுக் குடத்தை உள்ளே தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குடத்தை மடியில் சாய்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடிப்பாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கு முதல் குடத்தில் குடித்த அதே தண்ணீர், அதே இனிப்பு, அவள் நாக்குக்கு நன்றாகத் தெரியும். வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியைப் பானையில் ஊற்றி மூடிவிட்டு, காலிக் குடத்தைக் கழுவிக் கவிழ்த்துச் சந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள்.

"ஏ சாந்தாமணி" என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள். "நாளைக்காவது நல்ல தண்ணியாக் கொண்டா."